மாமாவின் சட்டைப் பையில் இருந்த பத்திரிகைத் துண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

மூன்று கிழமைக்கு முதல் மாமாவின் சட்டையைத் தோய்க்கப் போட முன் பையைத் துழாவினேன். உங்கள் ஞாயிறு இதழில் இருந்து வெட்டியெடுத்த துண்டு ஒன்று, நாலாக மடித்து, மடிப்பு அறுந்துபோகிற நிலையில் கிடந்தது. வருத்தம் என்று தெரிந்த நாளே மாமா வெற்றிலையை விட்டுவிட்டார், ஆனாலும் அந்தப் பையில் பிடித்த சாயம் இன்னும் போகவில்லை, அது துண்டின் ஓரத்திலும் ஏறியிருந்தது. பெரிய எழுத்தில் தலைப்பு: புற்றுநோயைச் சுட்டெரிக்கும் நனோ துணிக்கை, வெட்டும் இல்லை, பக்கவிளைவும் இல்லை. கீழே நீல நிறத்தில் ஒரு கணினிப் படம். கட்டுரை எட்டுப் பந்தி.

மாமாவுக்கு வாய்ப் புற்றுநோய், இடது கன்னத்தின் உட்பக்கம். முப்பத்தைந்து தரம் கதிர்ச்சிகிச்சை என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். பதினாறாவது முடிந்த பிறகு ஒருநாள் மெசின் பழுது என்றார், அடுத்த நாள் வைத்தியர் லீவு என்றார், நாங்களும் நம்பினோம். ஒன்பது நாள் சிகிச்சை இப்படித் தவறிப்போனது. துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்ட பிறகுதான் சொன்னார்.

"பிள்ளை, ஜேர்மனியிலை இரும்புத் தூளை ஊசியாலை ஏத்திச் சூடாக்கிக் கொல்லுறாங்களாம். வாய் புண்ணாகாதாம், தொண்டை வறளாதாம். தம்பியும் அங்கைதானே இருக்கிறான், விசாரிக்கச் சொல்லியிருக்கிறன். அதுவரைக்கும் இந்தச் சித்திரவதை என்னத்துக்கு?"

சித்திரவதை என்ற சொல்லை நான் மறுக்கமாட்டேன். வாய்க்குள் தோல் உரிந்து, உப்பில்லாத கஞ்சிகூட எரிகிறது என்று அவர் கோப்பையைத் தள்ளிவைத்ததைப் பார்த்திருக்கிறேன். முகத்தை அசையாமல் பிடிக்க ஒரு வலை முகமூடி போடுவார்கள், சுடுதண்ணீரில் தோய்த்து இளக்கி அவருடைய முகத்திலேயே அழுத்தி அச்செடுத்தது, அதைப் போட்டு மேசையோடு பூட்டிவிட்டுத்தான் கதிர் கொடுப்பார்கள். அந்த வலையின் தழும்பு கன்னத்தில் இருக்கத்தான் பின்னேரம் வீட்டுக்கு வருவார். அப்படி இருக்கிற ஒரு மனிதர் பக்கவிளைவு இல்லை என்ற இரண்டு சொல்லைப் பிடித்துக்கொண்டது பிழையா? நான் அவரைக் குறை சொல்லவில்லை. உங்கள் கட்டுரையைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது.

நான் கரவெட்டியில் உயர்தரத்துக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். அந்தக் கட்டுரை பொய் என்றால் ஒரு வரியில் எழுதி முடித்திருப்பேன். அது பொய் இல்லை. உண்மையைப் பாதியில் நிறுத்தியிருக்கிறது, நிறுத்திய இடத்தில் நின்றுதான் மாமா சிகிச்சையை விட்டார். மிச்சப் பாதியை நான் எழுதுகிறேன், தயவுசெய்து போடுங்கள்.

முதலில் சூடு எப்படிக் கொல்கிறது என்பது. உங்கள் கட்டுரையில் கலங்கள் முட்டை அவிவது போல அவிந்துபோகும் என்று இருந்தது. முட்டை வெள்ளைக்கரு இறுகத் தொடங்க அறுபது பாகையளவு வேண்டும். இந்தச் சிகிச்சையில் பெரும்பாலும் பேசப்படுவது 41 முதல் 45 பாகை செல்சியஸ் வரையான சூடு, கடும் காய்ச்சலுக்குக் கொஞ்சம் மேலே. அந்தச் சூட்டில் ஒன்றும் வேகாது. கலத்துக்குள் இருக்கிற புரதங்களின் மடிப்புக் குலையும், வேலை செய்கிற வடிவத்தில் அவை இருக்காது, கலத்தின் மென்சவ்வு தளரும், உடைந்த டி.என்.ஏ. யைத் திருத்துகிற ஏற்பாடு முடங்கும். கொஞ்ச நேரத்தில் கலம் தானாகவே அழிகிற பாதையில் இறங்கிவிடும். ஐம்பது பாகைக்கு மேலே போனால்தான் நேரே வெந்து சாவது.

எவ்வளவு சூடு என்பதோடு எவ்வளவு நேரம் என்பதும் சேர வேண்டும். 1984 இல் சபரேட்டோ, டூயி என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதற்கு ஒரு கணக்குக் கொடுத்தார்கள், இன்றைக்கும் அதைத்தான் பாவிக்கிறார்கள். 43 பாகையில் ஒரு மணித்தியாலம் வேண்டிய வேலைக்கு 44 பாகையில் அரை மணித்தியாலம் போதும். 42 க்கு இறங்கினால் நாலு மணித்தியாலம் வேண்டும். ஒரே ஒரு பாகைதான், ஆனால் மேலே இரண்டு மடங்கு, கீழே நாலு மடங்கு! கட்டியின் ஒரு மூலை 44 இலும் இன்னொரு மூலை 41 இலும் இருந்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதைவிட, அரைகுறையாகச் சூடேறின கலம் வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் என்று சிலவற்றை உண்டாக்கிக்கொண்டு ஒன்றிரண்டு நாளைக்குச் சூட்டைத் தாங்கப் பழகிவிடும். அதனால்தான் வெப்பச் சிகிச்சையை நாளாந்தம் கொடுக்காமல் இடைவெளி விட்டுக் கொடுக்கிறார்கள்.

புற்றுநோய்க் கட்டி ஏன் கூடுதலாகச் சூடாகிறது என்றால், அதன் இரத்தக் குழாய்கள் அவசரத்தில் கோணல்மாணலாக வளர்ந்தவை. மாரி மழைக்கு எங்கள் ஒழுங்கைகளில் பார்த்திருப்பீர்கள், வாய்க்கால் ஒழுங்காக வெட்டின பக்கத்தில் வெள்ளம் வடிந்துவிடும், நினைத்தபடி மதில் கட்டி அடைத்த பக்கத்தில் தேங்கி நிற்கும். நல்ல தசையில் சூடேறினால் குழாய் விரிந்து, இரத்தம் கூடுதலாக ஓடிச் சூட்டை அள்ளிக்கொண்டு போகும். கட்டிக்குள் அது நடக்காது, சூடு தேங்கும். ஒட்சிசன் குறைந்து அமிலம் கூடின கலங்கள் சூட்டுக்கு இன்னும் இலகுவாகச் சாகும், கதிருக்குத் தப்புகிறவையும் பெரும்பாலும் அவைதான். இதை உங்கள் கட்டுரை சொல்லவே இல்லை, சொல்லியிருந்தால் மாமா விட்டிருக்கமாட்டார் என்று நினைக்கிறேன். கதிருக்கு எட்டாத இடத்தைச் சூடு தொடுகிறது, கதிர் உடைத்த டி.என்.ஏ. யைத் திருத்த விடாமல் சூடு தடுக்கிறது. இரண்டும் சேர்ந்துதான் பலம்.

சேர்ந்தால் எவ்வளவு என்பதற்கு நெதர்லாந்தில் நடந்த ஒரு ஆய்வே போதும், 2000 ஆம் ஆண்டு வெளியானது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் முற்றின பெண்களில் கதிர் மாத்திரம் பெற்றவர்களில் மூன்று வருடத்தின் பின் உயிரோடு இருந்தது 27 சதவீதம், கதிரோடு வெப்பமும் பெற்றவர்களில் 51 சதவீதம். அது நனோ துணிக்கை இல்லை, வெளியே இருந்து மின்காந்த அலையால் சூடாக்கினது. ஆனால் கதிரை நிறுத்திவிட்டுச் சூடு கொடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

சரி, நனோ எங்கே வருகிறது? வெளியே இருந்து சூடாக்கினால் நடுவில் உள்ள நல்ல தசையும் சூடாகும். கட்டிக்குள்ளேயே அடுப்பை வைத்துவிட்டால்? இந்த யோசனை பழையது. 1957 இலேயே கில்கிறிஸ்ட் என்பவரும் அவருடைய குழுவினரும் இரும்பு ஒட்சைட்டுத் துணிக்கைகளை நிணநீர்க் கணுவுக்குள் சேர்த்து, வெளியே இருந்து காந்தப்புலத்தால் சூடாக்கிப் பார்த்து எழுதினார்கள். பேர்லினில் அன்ட்ரியாஸ் ஜோர்டான் கன வருடம் உழைத்து அதை மனிதருக்குக் கொண்டுவந்தார். அவர்கள் பாவித்த இரும்பு ஒட்சைட்டு மணி ஏறக்குறைய 12 நனோமீற்றர், ஒரு தலைமயிரின் குறுக்களவுக்குள் ஆயிரக்கணக்கில் அடுக்கலாம். எங்கள் வீட்டுக் கரண்ட் செக்கனுக்கு ஐம்பது தரம் திசை மாறி மாறி வருகிறது, இந்தச் சிகிச்சையில் காந்தப்புலம் செக்கனுக்கு ஒரு லட்சம் தரம் அப்படி ஆடும். ஒவ்வொரு தரமும் துணிக்கைக்குள் இருக்கிற காந்தத்தின் திசை புலத்தோடு சேர்ந்து திரும்பப் பார்க்கும், கொஞ்சம் பிந்தும், அந்தப் பிந்தலில் போகிற சக்திதான் சூடு. இன்டக்ஷன் அடுப்பு என்று என் பிள்ளைகள் உடனே சொல்வார்கள், பக்கத்து உறவுதான், ஆனால் அடுப்பில் சட்டியின் அடியில் பெரிய மின்னோட்டம் சுற்றுவதால்தான் முக்கியமாகச் சூடு வருகிறது, 12 நனோமீற்றர் மணிக்குள் அப்படிச் சுற்ற இடமே இல்லை. வகுப்பில் இதை விளங்கப்படுத்துகிற நாளில் எனக்கே மெய் சிலிர்க்கும். அவ்வளவு வடிவான பௌதிகவியல்.

அடுத்தது தங்கம். யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதி நகைக்கடைகளில் பார்க்கிற மஞ்சள் நிறம் அந்த அளவில் இருக்காது, நீரில் மிதக்கிற நனோ தங்கம் மாணிக்கச் சிவப்பாக இருக்கும், 1857 இலேயே பரடே இதை ஆராய்ந்து சொன்னார். துணிக்கையின் அளவையும் வடிவத்தையும் மாற்றினால் அது உறிஞ்சுகிற ஒளியும் மாறும். அமெரிக்காவில் ரைஸ் பல்கலைக்கழகத்தில் நயோமி ஹாலாசும் ஜெனிபர் வெஸ்டும் சிலிக்கா உருண்டையின் மேல் மெல்லிய தங்க ஓடு போர்த்தி, செந்நிறத்துக்குக் கீழே உள்ள, கண்ணுக்குத் தெரியாத ஒளியை உறிஞ்ச வைத்தார்கள். அதைக் கொண்டு கட்டியைச் சூடாக்கின ஆய்வை 2003 இல் வெளியிட்டார்கள். அந்த ஒளியைத்தான் இரத்தமும் நீரும் குறைவாக மறிக்கின்றன. லேசர் பட்டதும் தங்க ஓட்டில் உள்ள இலத்திரன்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஆடி, அந்தச் சக்தியைச் சூடாகக் கொட்டிவிடும். லேசர் படாத இடத்தில் தங்கம் சும்மா கிடக்கும்.

இவ்வளவும் உங்கள் கட்டுரையில் ஏதோ ஒரு வடிவத்தில் இருந்தது. எத்தனை பேரில், எந்த வருத்தத்துக்கு என்பது மட்டும் இல்லை. பேர்லின் ஆய்வு 2011 இல் வெளியானது. மூளையில் கிளியோபிளாஸ்டோமா என்ற கொடிய கட்டி திரும்ப வந்த 59 பேர். கட்டி திரும்பினதில் இருந்து நடு அளவாக, அதாவது பாதிப் பேர் அதற்குக் கூடவும் பாதிப் பேர் குறையவும், 13.4 மாதம் உயிரோடு இருந்தார்கள். அந்த வருத்தத்துக்கு அது நல்ல சேதிதான், ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கச் சிகிச்சை பெறாத ஒரு குழுவை அந்த ஆய்வில் வைக்கவில்லை, பழைய கணக்குகளோடுதான் ஒப்பிட்டார்கள். மாமாவுக்கு நான் விரல் வைத்துக் காட்டியது இன்னொரு இடத்தை: அந்த 59 பேருக்கும் சூட்டோடு கதிர்ச்சிகிச்சையும் கொடுத்தார்கள். கிழமைக்கு இரண்டு தரமாக ஆறு தரம் சூடு, கூடவே கதிர். அந்த ஜேர்மனியிலும் கதிருக்குப் பதிலாக இரும்புத் தூள் கொடுக்கவில்லை, மாமா. பல்லில் உலோக அடைப்பு இருந்தால் கழற்ற வேண்டும், இரும்பு அங்கேயே தங்குவதால் பிறகு அந்த இடத்தை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கவும் ஏலாது. அந்தச் சிகிச்சையைக் கொண்டுவந்த கம்பனி 2022 இல் கடன் கட்ட முடியாமல் நீதிமன்றம் போனது. பக்கவிளைவு இல்லை என்று எழுத முதல் இதையெல்லாம் பார்த்திருக்கலாமே.

தங்க ஓட்டு வழியில் 2019 இல் வெளியானது ஆண்களின் முன்னிற்கும் சுரப்பி (புரொஸ்டேட்) புற்றுநோய் பற்றியது. பரவாமல் ஒரு இடத்தில் நின்ற கட்டி உள்ள பதினாறு பேர். பதினைந்து பேருக்குச் சிகிச்சை சரியாக முடிந்தது. நல்ல சேதி, ஆனால் பதினாறு பேர். துணிக்கையை முதல்நாள் இரத்தத்தில் ஏற்றி, அடுத்த நாள் மயக்கிப் படுக்க வைத்து, ஊசி வழியே லேசர் இழையை உள்ளே விட்டுத்தான் செய்தார்கள்.

இரத்தத்தில் ஏற்றினால் துணிக்கை கட்டியைத் தேடிப் போய்ச் சேரும் என்று எழுதியிருந்தீர்கள். ரொறன்ரோவில் ஒரு குழு பத்து வருட ஆய்வுகளைச் சேர்த்து 2016 இல் கணக்குப் பார்த்தது. பெரும்பாலும் எலிகளில் செய்தவை. ஏற்றின நனோ துணிக்கையில் கட்டிக்குப் போய்ச் சேர்ந்தது நடு அளவாக 0.7 சதவீதம். நூறு கிராம் ஏற்றினால் ஒரு கிராம்கூட இல்லை. மிச்சத்தில் பெரும்பகுதியை ஈரலும் மண்ணீரலும் பிடித்துவிடும். இந்தத் துறையில் வேலை செய்கிறவர்கள் இதை மறைக்கவில்லை, அவர்களே எழுதி, அவர்களே அதை மாற்றப் பாடுபடுகிறார்கள். பேர்லினில் நேரே கட்டிக்குள் ஊசியால் ஏற்றியதும் இதற்காகத்தான், அப்படி ஏற்றினால் அந்தக் கட்டிக்கு மாத்திரம்தான் சிகிச்சை, வேறு இடத்துக்குப் பரவினதை அது தொடாது.

இதைவிட என்னை நடுங்க வைத்தது வேறு. உங்கள் கட்டுரை வந்த பிறகு எங்கள் பக்கத்தில் ஒருவர் நனோ தங்கப் பற்பம் என்று ஒரு சிறு போத்தலில் போட்டு விற்கிறார், மாமாவின் கட்டிலுக்குக் கீழே ஒன்று இருந்தது. உங்கள் கட்டுரையைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பித்தான் விற்கிறார். சித்த வைத்தியத்தை நான் தள்ளுகிறவள் இல்லை, கைதடியில் பல்கலைக்கழகத்திலேயே அதைப் படித்து முறையாக வைத்தியம் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களில் யாரும் இப்படிக் கொடுக்கவில்லை. ஆனால் வாயால் விழுங்குகிற தங்கம் கன்னத்தில் உள்ள கட்டிக்குப் போய் நிற்காது, நின்றாலும் லேசர் இல்லாமல் சூடாகாது. தங்கம் கொல்வதில்லை, சூடுதான் கொல்கிறது. உங்கள் கட்டுரையில் அந்த ஒரு வசனம் இருந்திருந்தால் அந்தப் போத்தலை விற்றிருக்க ஏலாது.

ஒன்பது நாள் என்ன பெரிய விஷயம் என்று சிலர் கேட்டார்கள். வாய், தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர் கொடுக்கத் தொடங்கினால் இடையில் விடக்கூடாது, விட்ட நாட்களில் மிஞ்சின கலங்கள் வேகமாகப் பெருகும், முன்னே கொடுத்ததின் பலனையும் அது தின்றுவிடும். மாமாவைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போனபோது வைத்தியர் ஏசவில்லை. அட்டவணையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தவறினதை ஈடுகட்டச் சில நாட்களில் காலையும் பின்னேரமும் இரண்டு தரம் வரச் சொன்னார். புண்ணுக்கு வாய் கொப்பளிக்கிற மருந்தும் நோவுக்குக் குளிசையும் மாற்றிக் கொடுத்தார். இதை முதலே சொல்லியிருந்தால் முதலே தந்திருப்பேனே ஐயா என்றார். மாமா தலையைக் குனிந்துகொண்டு இருந்தார்.

2011 இல் தெற்கே தெய்வேந்திரமுனையில் இருந்து வடக்கே பருத்தித்துறை வரை நடந்து காசு சேர்த்தார்கள், தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை கட்ட. அப்போது நான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் வீதி ஓரத்தில் நின்றேன். அதற்கு முதல் எங்கள் ஊரவர் எத்தனை பேர் கொழும்புப் பக்கம் மகரகமவில் உள்ள புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போய், தெரியாத ஊரில் மாதக்கணக்காக வாடகைக்கு இருந்து வைத்தியம் பார்த்தார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். அப்படி வந்து சேர்ந்த சிகிச்சையை ஒருவர் பாதியில் விடுவதற்கு ஒரு ஞாயிறுக் கட்டுரை காரணமாகிவிடக்கூடாது.

நனோ மருத்துவம் பற்றி எழுதவேண்டாம் என்று கேட்கவில்லை. நிறைய எழுதுங்கள். என் வகுப்பில் இருந்து ஒரு பிள்ளை நாளைக்கு இதைப் படிக்கப் போகவேண்டும் என்று எனக்கு ஆசை, நாட்டுக்குள்ளேயே 2008 இல் தொடங்கின நனோ தொழில்நுட்ப நிறுவனம் ஒன்று ஹோமாகமவில் இருக்கிறது. எழுதும்போது எலியிலா மனிதரிலா, எத்தனை பேரில், எந்தப் புற்றுநோய்க்கு, வேறு எந்தச் சிகிச்சையோடு சேர்த்து என்பதையும் எழுதுங்கள், நாலு வரிகூட வராது. போட முதல் புற்றுநோய் வைத்தியர் ஒருவரிடம் ஒரு தரம் காட்டுங்கள். இன்றைக்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருக்கிறவர் அதை நிறுத்தக்கூடாது என்ற வரியை அடியில் பொடி எழுத்தில் போடாமல் தலைப்புக்குக் கீழேயே போடுங்கள்.

வாய்ப் புற்றுநோய் பற்றியும் ஒரு ஞாயிறு எழுதுங்கள். இந்த நாட்டில் ஆண்களுக்கு ஆகக் கூடுதலாக வருகிற புற்றுநோய் அதுதான். புகையிலை சேர்க்காமல் வெறும் வெற்றிலை பாக்குப் போட்டாலும் வரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் தீர்மானித்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. மாமா புகையிலை தொட்டதே இல்லை, அதனால் தனக்கு வராது என்றே இருந்தார். கன்னத்தில் வெள்ளையாகப் படர்ந்ததை ஒரு வருடம் நாக்கால் தடவிக்கொண்டே இருந்திருக்கிறார், யாருக்கும் காட்டவில்லை.

மாமாவுக்கு இன்னும் எட்டுத் தரம் இருக்கிறது. முகமூடியைக் கழற்றினதும் வைத்தியசாலை வாங்கில் இருந்து பத்திரிகை வாசித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறார். ஞாயிறு இதழையும் திங்கட்கிழமை அங்கே கொண்டுபோய் வைத்து வாசிப்பார், பக்கத்தில் இருக்கிறவர்களுக்கும் வாசித்துக் காட்டுவார். இந்தக் கடிதத்தைப் போடுவதானால் அந்தக் கட்டுரை வந்த அதே பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
பௌதிகவியல் ஆசிரியை ஒருவர்,
கரவெட்டி.